படகோட்டிக்குச் சாட்சி நின்றவர்

ஸ்ரீரங்கன் சார் வீட்டில் சமையலறைக் கதவை ஒட்டி ஒரு ஆணி உண்டு. அதில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாவிக்கொத்து ஒன்று தொங்கியது. அதற்கு முன்னால் அந்த ஆணியில் காலண்டர்தான் இருந்தது.

பெருவெள்ளம் வந்து வடிந்ததற்கு அடுத்த வருஷம் அது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போயிருந்தது. அதே வாரத்தில், அங்கே சுமை ஏற்றிக்கொண்டிருந்த ஜீவானந்தமும் காணாமல் போனான். இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. பதினோராம் நாள், அவன் மனைவி ஜான்சி வீட்டு வேலை செய்துகொண்டிருந்த சிட்லபாக்கம் காலனிக்கும் பேச்சு வந்து சேர்ந்தது. ஐந்து வீடுகளில் நான்கு வீடுகள் அவளை நிறுத்திவிட்டன. ஒரு வீட்டில் பாத்திரம் கழுவ மெஷின் வாங்கப்போகிறோம் என்றார்கள். ஒரு வீட்டில் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். சுந்தரவல்லி மாமி வாசலிலேயே நிற்கவைத்து, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, எங்கள் வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாள் என்றாள். வயசுப் பெண்ணுக்கும் செம்புக் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று ஜான்சிக்கு விளங்கவில்லை. சரிங்க மாமி என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

ஐந்தாவது வீடு ஸ்ரீரங்கன் சாருடையது. அங்கேயும் அதைத்தான் கேட்கப்போகிறோம் என்று எண்ணி, அன்றைய பாத்திரங்களை ரொம்ப நேரம் தேய்த்தாள். சார் ஒன்றும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் அவள் வந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். எனக்கு எழும்பூருக்கு நேரமாகிறது, இனிமேல் நீ வரும்போது நான் இல்லையென்றால் திறந்துகொள் என்று ஆணியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கேட் சாவி, வாசல் கதவுச் சாவி, அவற்றோடு பீரோ சாவியும் அந்த வளையத்தில் கிடந்தது. செத்துப்போன வீட்டம்மாவின் நகைகள் அந்தப் பீரோவில்தான் இருந்தன என்பது காலனிக்கே தெரியும். வீட்டைத் திறக்கப் பீரோ சாவி எதற்கு என்று ஜான்சி அன்று முழுவதும் யோசித்தாள். சாயங்காலம் அகரம்தென் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. பஸ் என்றும் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சார் தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் சரித்திர வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் மனைவி காலமானார். ஒரே மகள் ஜெயஸ்ரீ புனாவில். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இருக்கிற ஆவணக் காப்பகத்துக்குப் போவார். ஜான்சி கட்டிக்கொடுக்கிற தயிர்சாத டப்பாவைச் சில நாள் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருவார். முன்னறை முழுக்கச் செருப்பு டப்பாக்கள். அவற்றில் செருப்பு இல்லை, அட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை அளவாக வெட்டி, எழுதாத பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்.

இது எல்லாம் என்ன என்று அவள் ஒருநாள் கேட்டாள். சார் சந்தோஷமாகச் சொன்னார். முன்னூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரர்கள் துணி வியாபாரத்துக்காக மதராஸ் வந்து உட்கார்ந்திருந்த காலம். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. அவர்களுடைய பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை மதில்போல எழும்பி உடையும். அந்த அலையைத் தாண்ட அவர்களுடைய படகால் முடியாது. பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய நம் ஆட்களின் படகால்தான் முடியும். கவர்னர் இறங்கினாலும், ஒரு குண்டூசி இறங்கினாலும், துணி மூட்டை ஏறினாலும் படகோட்டி கை படாமல் நடக்காது. ஆனால் கோட்டைக்காரர்கள் எழுதி வைத்த கத்தை கத்தையான காகிதத்தில் படகோட்டியின் பெயர் இருக்காது.

"ஏதாவது காணாமப் போனாத்தான்மா பேரை எழுதுவான்" என்றார் சார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஜான்சியின் கை நின்றது. அப்படி எழுதப்பட்ட ஒரு பெயரைச் சார் கண்டுபிடித்திருந்தார். சவுரிமுத்து. 1681-ம் வருஷம் நவம்பர் ஒன்பதாம் தேதி கோட்டையில் எழுதிய கடிதம். கப்பலுக்குப் போன மெல்லிய துணி மூட்டை ஒன்று வந்து சேரவில்லை, படகோட்டி சவுரிமுத்து அதை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான், அவன் குடிசையைப் பிரித்துப் போட்டு, பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊர் எல்லைக்கு வெளியே விட்டாயிற்று.

"பொண்டாட்டி பேரு போட்டுக்கீதா சார்?" என்று கேட்டாள்.

பெயர் இல்லை, பெண்டாட்டி என்று மட்டும்தான் இருக்கிறது என்றார்.

அன்றிலிருந்து சமையல் முடிந்ததும் அவள் அட்டை அடுக்க உட்கார்ந்தாள். சார் தேதியை இங்கிலீஷில் பெரிதாகவும் விஷயத்தைத் தமிழில் சின்னதாகவும் எழுதித் தருவார். வருஷம், மாதம், நாள் என்று வரிசையாக டப்பாவில் வைப்பது அவள் வேலை. ஐந்தாவதுக்கு மேல் அவள் படித்ததில்லை. ஆனால் கோயில் காலண்டரைத் தினமும் பார்க்கிறவளுக்கு இங்கிலீஷ் மாதம் எந்த எழுத்தில் தொடங்கினாலும் தெரியும். கப்பலில் செத்தவர்களுக்குச் சார் ஓரத்தில் கறுப்புப் புள்ளி வைப்பார். ஈறு அழுகிச் செத்தவன், பாய்மரத்திலிருந்து விழுந்தவன், காய்ச்சலில் போனவன் என்று புள்ளிகள் பெருகிக்கொண்டே இருந்தன. செத்தவனுடைய சட்டையையும் போர்வையையும் பாய்மரத்தடியில் ஏலம் போட்டுக் கூட்டாளிகளே எடுத்துக்கொள்வார்களாம். அந்தச் சட்டையை எப்படிப் போட்டுக்கொள்ள மனசு வரும் என்று அவளுக்குத் தோன்றும். ஒவ்வொரு கறுப்புப் புள்ளிக்கும் ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுத்தான் அட்டையை டப்பாவில் வைப்பாள். சாருக்கு அது தெரியும். அவள் உதடு அசைந்து முடியும் வரைக்கும் அடுத்த அட்டையை நீட்டமாட்டார்.

சாரிடம் படித்த ஒருவர் லண்டனில் இருந்தார். அங்கே இருக்கிற ஒரு கப்பல் தலைவனின் நாட்குறிப்பிலிருந்து முப்பது தாள்களைப் படம் பிடித்து அவர் அனுப்பிவைத்தார். கான்ஸ்டன்ட் மேரி என்று கப்பலின் பெயர். தைத்த ஏடு பிரிந்து உதிரியாகக் கிடந்த தாள்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருநாள் சார் அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நேராகச் சமையலறைக்கு வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். கையில் ஒரு அட்டை இருந்தது.

"ஜான்சி, அவன் ஜனவரியிலேயே செத்துட்டாம்மா."

1681 ஜனவரி 14. அலையில் படகு கவிழ்ந்தது. சவுரிமுத்து என்கிற படகோட்டி மாலுமிகள் நான்கு பேரை இழுத்துக் கரை சேர்த்தான், ஐந்தாவது ஆளுக்காகத் திரும்பப் போனவன் வரவில்லை. ஜனவரியில் செத்தவன் நவம்பரில் எப்படி மூட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவான்? செத்துப் பத்து மாதம் ஆனவன்மேல் திருட்டுப் பழி போட்டு, அவன் பெண்டாட்டி பிள்ளைகளைத் துரத்தியிருக்கிறார்கள். ஜான்சி கையைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். அட்டையில் கறுப்புப் புள்ளியை அவளே வைத்தாள்.

அன்றைக்கு மாதா கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். ஒன்று சவுரிமுத்துவுக்கு. இன்னொன்றை யாருக்கென்று மாதாவிடம்கூட அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓடிப்போனவன் என்று ஊரே எழுதி வைத்த ஒருவன் ஓடவே இல்லை என்று முன்னூறு வருஷம் கழித்து ஒருத்தர் கண்டுபிடிக்க முடிகிறது. அப்படியானால் ஐந்து வருஷம், பத்து வருஷம் எல்லாம் ஆண்டவருக்கு ஒரு பெரிய காலமா?

அந்தத் தாள்களை அட்டையில் எழுதி முடிக்கிற நேரத்தில் சின்னதாக ஒன்று நடந்தது. கடைசித் தாளிலிருந்து இரண்டு அட்டைகள் வந்தன. ஒன்றில் மார்ச் 24, வருஷம் 1681. அடுத்ததில் மார்ச் 25, வருஷம் 1682. ஒரே தாள், மேலும் கீழுமாக எழுதிய வரிகள். எந்த டப்பாவில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோயில் காலண்டரில் மார்ச் 25 தேவதூதர் மாதாவிடம் வந்த திருநாள்.

"இன்னா சார் இது, மாதாவுக்குச் சம்மனசு வந்து மங்களம் சொன்ன நாள்ல வருஷம் மாறுது?"

சார் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதிதானேம்மா மாறும், கேப்டன் அன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி குடிச்சிருப்பான் என்றார். பென்சிலை எடுத்து 1682-ல் கடைசி 2-ஐ அடித்து 1 போட்டார். வேறு சில தாள்களில் வருஷத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடும் ஒரு 2-ம் இருந்தன. அது ஏட்டின் எண் என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். ஜான்சி திருத்திய அட்டையை வாங்கி வரிசையில் வைத்தாள். படித்தவர் சொல்கிறார், நமக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

சார் மூன்று வருஷம் உட்கார்ந்து புத்தகம் எழுதினார். தமிழில்தான் எழுதினார். படகோட்டி திருடவில்லை என்றால் மூட்டையை எடுத்தது யார் என்று ஒரு கேள்வி வருமல்லவா, அதற்கும் பதில் வைத்திருந்தார். கடிதத்தை எழுதிய குமாஸ்தா தாமஸ் வெல்பி. கிடங்குச் சாவி அவனிடம்தான் இருந்தது. செத்தவன்மேல் பழி போட அவனைத் தவிர வேறு யாருக்குத் தேவை இருந்தது? ஏழாவது அத்தியாயத்தில் பெயரைப் போட்டே எழுதினார், இவன்தான் திருடன் என்று. அதை வாசித்துக் காட்டியபோது ஜான்சி சந்தோஷப்பட்டாள். ரொம்பவே சந்தோஷப்பட்டாள். பிறகு அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டி வந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் முன்னூறு பிரதிகள் அடித்து வந்தன. முதல் பிரதியைச் சார் ஜான்சிக்குத்தான் கொடுத்தார். 'அட்டைகளை அடுக்கித் தந்த ஜான்சிக்கு' என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மீதியில் நாற்பது பிரதிகளைக் காலனிக்காரர்களுக்கும் பழைய வாத்தியார்களுக்கும் அவரே நடந்து போய்க் கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகக் கட்டடத்தில் வெளியீட்டு விழா என்று ஏற்பாடாயிற்று.

ஜான்சி எழுத்துக் கூட்டிக் கூட்டி, பஸ் ஸ்டாப்பிலும் ரேஷன் வரிசையிலும் நின்று, இருபத்திரண்டு நாளில் அதைப் படித்து முடித்தாள். முடித்த மறுநாள் சாரிடம் ஒரு காரியம் கேட்டாள். எட்டு வருஷத்தில் ஜீவானந்தத்தைப் பற்றி அந்த வீட்டில் அவள் பேசியது அன்றுதான்.

"சார், சுருளு காணாமப் போனது எந்தத் தேதி, அவரு கடைசியா வேலைக்கு வந்து கார்டு போட்டது எந்தத் தேதின்னு கம்பெனில பாக்கச் சொல்லி ஒரு மனு எழுதணும். அவங்க சேர்த்துத்தான் சொல்றாங்க. தேதி யாரும் பாக்கலை."

ஞாயிற்றுக்கிழமை விழா முடியட்டும், திங்கட்கிழமை காலையில் நானே எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறேன் என்றார் சார். அந்த வாரம் ஜான்சி நடந்த நடையே வேறாக இருந்தது.

வியாழக்கிழமை ஸ்ம்ருதி என்கிற பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் அந்தக் காலத்துக் கப்பல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். விழாவில் பேசுவதற்காகச் சார் புத்தகம் அனுப்பியிருந்தார். வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். ஜான்சி கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள். புத்தகம் ரொம்ப அருமையாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அப்போ இங்கிலீஷ்காரங்களுக்குப் புது வருஷம் ஜனவரி ஒண்ணு இல்ல. மார்ச் இருபத்தஞ்சு. மேரி மாதாவுக்கு ஏஞ்சல் வந்து சொன்ன நாள். அங்கேருந்துதான் அவங்க வருஷத்தை எண்ணுவாங்க."



அவள் மெதுவாக விளக்கினாள். கேப்டன் ஜனவரி 1681 என்று எழுதினால் நம் கணக்கில் அது ஜனவரி 1682. அவனுக்கு வருஷம் இன்னும் முடியவில்லை. அப்படியானால் படகு கவிழ்ந்தது நவம்பர் கடிதத்துக்குப் பத்து மாதம் முன்னால் இல்லை, இரண்டு மாதம் பின்னால்.

சார் எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தார். அட்டைகளைப் புரட்டினார். வருஷத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டு ஒரு 2 இருக்குமே, அது என்ன என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். குரல் அப்படி இருந்தது.

"நாம சொல்ற வருஷம் சார் அது. ரெண்டையும் சேர்த்து எழுதுவாங்க."

சமையலறையில் ஜான்சி அடுப்பை அணைத்தாள். குழம்பு பாதியில் நின்றது. மார்ச் 25 அட்டையைச் சார் எடுக்கிறாரா என்று கதவு இடுக்கில் பார்த்தாள். அவர் முதுகுதான் தெரிந்தது. அவருக்கு அந்த அட்டை ஞாபகம் இருக்காது என்று எண்ணினாள். ஞாபகம் இருக்கவே கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

ஸ்ம்ருதி தன் பிரதியை வைத்துவிட்டுக் கிளம்பும்போது ஜான்சி கேட் வரைக்கும் போனாள். அவளைக் கேட்காமல் விட முடியவில்லை.

"அப்ப அந்த ஆளு திருடினாரா மா?"

"தெரியாதுக்கா" என்றாள் ஸ்ம்ருதி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "திருடியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஓடிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். செத்தது அதே பேர்ல வேற ஆளாக்கூட இருக்கலாம். சவுரிமுத்துன்னு நிறைய பேர் படகு ஓட்டினாங்க. இனிமே தெரிஞ்சுக்க வழியே இல்லக்கா."

விழா நின்றுபோனது. வெள்ளிக்கிழமை காலையில் சார் துணிப்பையை எடுத்துக்கொண்டு, கொடுத்த பிரதிகளைத் திரும்ப வாங்கக் கிளம்பினார். இரண்டாவது பை ஜான்சியிடம். அந்த வெயிலில் அவர் வீடு வீடாகப் போய் நின்றார்.

மூன்றாம் தெரு அரிகிருஷ்ணன் ஈபியில் இருந்து ஓய்வு பெற்றவர். கேலிக்காரர். புத்தகத்தைத் திருப்பிக் கேட்கிற முதல் எழுத்தாளர் நீங்கள்தான் சார் என்று உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அச்சகத்துக் காகிதம் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"ஒருத்தர் மேல வீண்பழி போட்டு எழுதிட்டேன் சார். அதான்" என்றார் ஸ்ரீரங்கன் சார்.

"அப்படியா? யாரு மேல?"

"தாமஸ் வெல்பி."

"எந்தத் தெரு?"

செத்து முன்னூறு வருஷம் ஆகிறது என்று சார் சொன்னார். அரிகிருஷ்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப கேஸ் போட மாட்டான். வெச்சுக்கறேன், விடுங்க சார்." சார் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். அரிகிருஷ்ணனுக்கு என்னவோ போலாகி, பேசாமல் கொடுத்துவிட்டார்.

சுந்தரவல்லி மாமி ஒரே மூச்சில் படித்துவிட்டேன், கண்ணில் ஜலம் வந்துவிட்டது என்றாள். அவள் கொண்டுவந்த பிரதியிலும் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நாற்பது வீட்டில் ஒரு வீட்டில்கூட அதை யாரும் படித்திருக்கவில்லை. அது நல்லதாயிற்று என்று சார் ஒரு தடவை சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து திண்டுபோல அடுக்கிப் பார்த்தார். ஒண்ணு குறைகிறது என்றார். ஜான்சி தரையைப் பார்த்தாள். அவளுடைய பிரதி அவள் பையில்தான் இருந்தது, செபப் புத்தகத்தோடு. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கையைப் பைக்குள் விட்டாள். கை வெளியே வரவில்லை. சார் அவளைப் பார்த்தார். பிறகு, சரி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பழைய பேப்பர்காரனுக்குப் போட அவர் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் எவன் கையிலாவது போய்ச் சேரும், வெல்பி திருடன் என்று ஒருத்தன் படிப்பான் என்றார். கோட்டைக்காரர்கள் சவுரிமுத்துவுக்குச் செய்ததை நான் வெல்பிக்குச் செய்துவிட்டேன் என்றார். ஆகவே எல்லாப் புத்தகங்களையும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். நான்கு நாளில் ஊறிக் கூழாயிற்று. ஜான்சிதான் கையை விட்டுப் பிசைந்தாள். அடியில் உரம் மாதிரி கிடந்ததை அள்ளி முருங்கைக்கு வைத்தாள். மை அவள் நகக்கண்ணில் ஒரு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது, போனது. மனுவைப் பற்றி சார் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. தேதியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருவருக்கும் தோன்றியிருக்கலாம். எட்டு வருஷமாக அவள் செபத்தில் ஒரே வாக்கியம்தான் இருந்தது: ஆண்டவரே, அவர் எடுக்கலைன்னு உமக்குத் தெரியும். இப்போது அந்த வாக்கியம் வாயில் முழுதாக வரவில்லை. ஆண்டவரே, உமக்குத் தெரியும் என்பதோடு நின்றுபோனது. அதற்கு மேல் அவளால் எதையும் சேர்க்க முடியவில்லை. செபமாலை கையில் இருக்கும், விரல் நகராது.

சார் எழும்பூருக்குப் போவதை நிறுத்திவிட்டார். செவ்வாய்க்கிழமை பழக்கத்தில் அவள் தயிர்சாதம் கட்டி வைத்தால் அதை வீட்டிலேயே, டப்பாவிலேயே, நின்றுகொண்டு சாப்பிடுவார். முன்னறை விளக்கைப் போடுவதில்லை. ஒருநாள் குளியலறையில் விழுந்து இடது கை வராமல் போனது. ஜெயஸ்ரீ புனாவிலிருந்து வந்தாள். நல்ல பெண்தான். அப்பாவை இனிமேல் தனியாக விட முடியாது என்றாள், அது நியாயம். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் பேச்சு முடிந்தது. செருப்பு டப்பாக்களை என்னப்பா செய்வது என்று கேட்டாள். சார் கையை அசைத்தார். அந்த அசைவுக்கு எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ளலாம். இடிக்க வந்தவர்கள் அவற்றை லாரியில் போட்டார்கள். கறுப்புப் புள்ளிகள் எல்லாம் அதோடு போயின.

புனாவில் சார் நான்கு மாதம் இருந்தார். பிறகு போய்விட்டார் என்று ஜெயஸ்ரீ ஃபோனில் சொன்னாள். ஜான்சி அப்போது செம்பாக்கத்தில் வேறொரு வீட்டில் வேலையாக இருந்தாள். அந்த வீட்டில் பீரோ சாவியை அம்மா இடுப்பிலேயே செருகி வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜான்சி பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

அவரை அவள் கடைசியாகப் பார்த்தது காலனி வாசலில். கார் வந்து நின்றிருந்தது. அரிகிருஷ்ணன் பெட்டிகளை ஏற்ற உதவினார். அன்று அவர் கேலி பேசவில்லை. சாரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, வராத கையை மடியில் எடுத்து வைத்தார்கள். ஜான்சி ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து வந்து ஜெயஸ்ரீயிடம் கொடுத்தாள். பீரோ சாவியும் அதில் இருந்தது. எட்டு வருஷத்தில் அவள் அந்தச் சாவியைப் பீரோவில் போட்டுப் பார்த்ததே இல்லை.

பிறகு பையைத் திறந்தாள். அவளுடைய பிரதியை எடுத்துக் கார் ஜன்னல் வழியாக நீட்டினாள். குறைந்துபோன அந்த ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அவரை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. இதையும் ஊறப்போட்டுடட்டுமா சார் என்று கேட்க நினைத்தாள்.

சார் புத்தகத்தை வாங்கவில்லை. வருகிற ஒரு கையை அதன்மேல் வைத்தார். ஜெயஸ்ரீ கிளம்பலாமாப்பா என்றாள். அவர் அதைக் கேட்டுக்கொள்ளாமல் ஜான்சியையே பார்த்துச் சொன்னார்:

"மாதா திருநாள்ல வருஷம் மாறுதுன்னு நீ அன்னிக்கே சொன்னேம்மா. நான்தான் திருத்திட்டேன்."